தண்ணீருக்கடியில் ஒளித்து வைத்த பள்ளம்

எங்கள் அலுவலகத்தில் டிரோன் வாங்கிவிட்டார்கள். கல் குவாரிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்து விழுந்துவிடுமாம். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த சங்கீதா மேடம்தான் போன் போட்டு இதைச் சொன்னார்.

"சார், பயிற்சியில இயற்கை மூலதனம்னு ஒரு கிளாஸ் எடுத்தாங்க. மலை, மண்ணு, தண்ணி எல்லாத்துக்கும் மதிப்பு போடணுமாம். அந்த மதிப்பு காலத்துக்குக் காலம் மாறுமாம். நீங்க இதெல்லாம் நேர்ல பார்த்தவரு. நம்ம ஊழியர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க."

"குவாரியில தண்ணி நின்னா டிரோன் என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"தண்ணி வரைக்கும்தான் சார் காட்டும்" என்றார். எனக்கு அற்ப சந்தோஷம் தாங்கவில்லை. அந்த சந்தோஷத்தில்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

கனிம அலுவலகத்தில் நில அளவராக முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். பெயர் அப்துல் காதர். என் வேலையை ஒரே வார்த்தையில் சொல்வது கஷ்டம். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புக் கடை வைத்திருந்த என் மாமனார், "மாப்பிள்ளை என்ன வேலை பண்றார்?" என்று கேட்டார். என் அண்ணன் வெள்ளந்தியாக, "பள்ளம் அளக்கிறார்" என்றான். மாமனார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கவர்மெண்டுதானே?" என்றார். ஆமாம் என்றதும் டீ வந்தது.

உண்மையில் அதுதான் வேலை. மலையிலிருந்து எவ்வளவு கல் வெட்டினார்கள் என்பதை லாரியை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. கல் ஏற்கெனவே ரோடாகவும் வீடாகவும் போயிருக்கும். மிச்சம் இருப்பது பள்ளம் மட்டும். பள்ளத்தை அளந்தால் போன கல்லின் அளவு தெரியும். பல்லாவரம், பம்மல், திருசூலம் பக்கத்துக் கருநீலக் கல் அவ்வளவும் எனக்கு இந்த வகையில்தான் பழக்கம், அது போன பிறகு.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருடம் வெயிலில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருடம் வேறொருவன் பிடித்துக்கொண்டு நிற்க, நான் கருவியில் பார்த்தேன். அவ்வளவுதான் படிப்பு.

பாடம் கற்பித்தவர்கள் குத்தகைதாரர்கள்தான். தோண்டும்போது நடுவில் ஒரு தூணை வெட்டாமல் விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பழைய தரைமட்டம் எது என்று அந்தத் தூணின் தலை சொல்லும். அதை 'சாட்சி' என்போம். சாட்சியின் தலையைச் சீவிவிட்டால் பள்ளம் ஆழம் குறைவாகத் தெரியும். அதனால் ராத்திரியோடு ராத்திரியாகச் சீவிவிட்டு, மேலே புல்லை நட்டு, என்றைக்கும் அப்படியே இருந்ததாக நிற்க வைப்பார்கள். ஒருத்தர் அவசரத்தில் புல் கிடைக்காமல் கனகாம்பரம் நட்டுவிட்டார். பாறை உச்சியில் கனகாம்பரம் பூத்துக் குலுங்குகிறது. "தானா முளைச்சது சார்" என்றார். பக்கத்திலேயே பூவாளி இருந்தது.

மதிப்பு மாறுவதையும் பார்த்தேன். கல்லை உடைக்கும்போது விழுகிற தூளை ஒரு காலத்தில் சீந்த ஆள் இல்லை. லாரிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "எங்கயாவது கொட்டிட்டுப் போப்பா" என்று கெஞ்சுவார்கள். ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் அதே தூளைக் கழுவி எம்-சாண்ட் என்று பெயர் வைத்தார்கள். கொட்டின இடத்தைத் தேடிப் போய்த் தோண்டி எடுத்தார்கள். தூள் அதே தூள்தான், நாம்தான் மரியாதை கொடுக்கக் கற்றுக்கொண்டோம்.

இனி நான் சொல்ல வந்த வழக்கு. அதற்கு முன் தேவசகாயம் சாரைச் சொல்ல வேண்டும்.

அவர் எங்கள் அலுவலகத் தலைவர், புவியியல் படித்தவர். ஆட்டை விரட்டுவதானாலும் "தள்ளிக்கோங்க" என்றுதான் சொல்வார். குவாரிக்குள் இறங்கும் முன் ஒரு கல்லில் உட்கார்ந்து, பாலிஷ் போட்ட ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்து, பேண்ட்டை முழங்கால் வரை மடித்து, ஒவ்வொரு மடிப்பும் ஒரே அகலமா என்று பார்த்த பிறகே எழுந்திருப்பார். பிறகு பள்ளத்தின் மிக ஆழமான இடத்துக்குப் போய் நின்று, தன் கால் பக்கத்தில் அளவுகோலை வைக்கச் சொல்வார். "கால் படாத அளவு அளவே இல்லை, காதர்" என்பார். அவர் நிற்காத பள்ளத்துக்கு அவர் கையெழுத்து கிடைக்காது. இதனால் ஒரு நாளில் முடிகிற வேலை மூன்று நாள் இழுக்கும். எனக்கு அவர் மேல் எரிச்சலும் மரியாதையும் சம அளவில் இருந்தன.

ஏரிகளெல்லாம் வற்றிப் போன ஒரு கோடை அது. பீர்க்கன்கரணை ஏரிக்குள் மாடு மேய்ந்தது. பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் நடுவே புறம்போக்கில் ஒரு சின்னக் குவாரி. குத்தகைதாரர் பெயர் ரத்தினம். எதற்கும் கும்பிடு போட்டுப் பேசுகிற ஆள். இருபது மீட்டர் ஆழம் தோண்ட அவருக்கு அனுமதி. அதையும் தாண்டி வெகு ஆழம் போய்விட்டார் என்று மொட்டைக் கடிதம் வந்தது. கோப்பு நகர்ந்து நானும் சாரும் ஜீப்பில் போய் இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எட்டிப் பார்த்தால் பள்ளத்தின் அடியெல்லாம் தண்ணீர்.

"ஊத்து வந்துடுச்சி சார். ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டான்" என்று ரத்தினம் கும்பிட்டார்.

கருவியை வைத்துப் பார்த்தேன். தண்ணீரின் மேல்மட்டம் தரையிலிருந்து சரியாக இருபதாவது மீட்டரில் நின்றது. ஒரு விரல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. குத்தகைப் பத்திரத்தைப் படித்துவிட்டு ஊறுகிற ஊற்றை அன்றுதான் பார்த்தேன். குவாரியில் ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் தோண்ட முடியும். நாங்கள் வரப்போவது தெரிந்து ரத்தினம் மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். தண்ணீர் அனுமதி மட்டத்துக்கு ஏறியதும் அங்கேயே நிற்கும்படி மறுபடி கொஞ்சம் ஓட்டியிருக்கிறார். தண்ணீருக்கு அடியில் இருக்கிற பள்ளம் மொத்தமும் திருட்டுப் பள்ளம். ஆனால் அடியை யார் பார்த்தது?

"இறைச்சிடுவோம்" என்றார் தேவசகாயம் சார். எங்கள் நடைமுறையும் அதுதான். இரண்டு டீசல் என்ஜின் வந்தன. தண்ணீர் குழாய் வழியாக மழைநீர்க் கால்வாயில் விழுந்து அடையாற்றுப் பக்கம் ஓடியது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லாரி இறங்கும் சரிவில் பெண்கள் குடங்களோடு வந்து நின்றார்கள். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. டேங்கர் வாரத்துக்கு ஒரு தரம்தான் வரும். ஒரு மாதமாக ஏழெட்டுத் தெரு இந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் நின்றவர் தனம். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் நட்டு, போல்ட்டு பேக்கிங் செய்பவர். ஏழு மணிக்குக் கம்பெனி வேன் போய்விடும். டேங்கருக்குக் காத்திருந்து ஏற்கெனவே பல நாள் வேலையைத் தவறவிட்டவர். இன்னொரு நாள் வராவிட்டால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம்.

"சார், நீங்கதான ஆபீசரு? இன்னா சார் இது? நாங்க கொடத்த தூக்கிகினு வர்றோம், நீங்க பைப்பு போட்டு சாக்கடைல வுட்டுகினு கீறீங்க."

"அம்மா, இது விசாரணை. அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்" என்றார் சார்.

"அடில இன்னா கீது? கல்லுதான் கீது. அது எங்க போவப் போவுது? தண்ணிதான் போவுது."

"நல்லா கேளும்மா. தாய்மாருங்க வயித்தெரிச்சல் சும்மா வுடாது" என்றார் ரத்தினம் பின்னாலிருந்து.

"நீ கொஞ்சம் கம்னு இரு" என்றார் தனம்.

என் நிலைமையைப் பாருங்கள். யோக்கியமான அதிகாரி தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறார். திருடன் ஏழைகள் பக்கம் நிற்கிறார். இறைத்தால் இந்தப் பெண்களுக்குத் தண்ணீர் இல்லை. இறைக்காவிட்டால் ரத்தினம் தப்பிவிடுவார். எனக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, வெட்கமாக இருந்தது.

தனம் விடவில்லை. "ஒரு லாரி கல்லு போனா நோட்டுல எழுதுறீங்க. இந்தத் தண்ணி போறத எதுல சார் எழுதுவீங்க?"

வேறு யாராவது அதிகாரியாக இருந்தால் அரசுப் பணியில் தலையிடாதே என்றிருப்பார். தேவசகாயம் சார் அப்படிப்பட்டவர் இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நம்புகிறவர். ஆய்வுப் படிவத்தை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். கல்லுக்கு இடம் இருந்தது, ஜல்லிக்கு இருந்தது, மேல்மண்ணுக்கு இருந்தது, வெட்டிய வேப்பமரத்துக்குக்கூட இருந்தது. தண்ணீரைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி, 'தண்ணீர் இருப்பின் வெளியேற்றிவிட்டு அளக்கவும்' என்று. அதை இரண்டு முறை படித்தார். அவர் முகம் சுண்டிப் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"என்ஜினை நிறுத்துங்க" என்றார்.

"மகராசனா இருக்கணும் சார்" என்று ரத்தினம் காலில் விழாத குறை.

"நீங்க போயிடாதீங்க. அளக்கத்தான் போறோம்" என்றார் சார். பிறகு என்னிடம், "காதர், தண்ணி மேல இருந்தே அளக்கணும். என்ன வழி?"

கயிற்றில் கனம் கட்டி இறக்கி அளக்கலாம் என்றேன். நைலான் கயிறு கனத்துக்கு நீளும், அதனால் நூல் கயிறுதான் சரி என்று என் புத்திசாலித்தனத்தையும் காட்டினேன். பந்தல் போடுகிறவரிடம் நூல் கயிறு கிடைத்தது. மளிகைக் கடையில் ஐந்து கிலோ எடைக்கல் கிடைத்தது. மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு முடிச்சு பெண்கள் கொடுத்த ஜாக்கெட் துணிக் கிழிசலைக் கட்டினேன். நான்கு பிளாஸ்டிக் டிரம்களைச் சேர்த்துக் கட்டி, மேலே சென்ட்ரிங் பலகை போட்டுத் தெப்பம் தயார்.

நான்தான் போவதாக இருந்தேன். சார் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாது. நிக்கத்தானே போறேன்? கால் படலன்னா கையாவது படட்டும்."

இடுப்பில் லாரி டியூப், பையில் பேனா, முழங்கால் வரை சீராக மடித்த பேண்ட். அந்தக் கோலத்தில் அரசு தண்ணீருக்குள் இறங்கியது. தெப்பம் நேர்கோட்டில் போக வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கமும் கயிறு கட்டி, இரு கரையிலும் பெண்களைப் பிடிக்கச் சொன்னேன். தனத்துக்கு அன்றைக்கு வேன் போய்விட்டது. மேற்குக் கரைக் கயிறு அவர் கையில்.

"அக்கா, கொஞ்சம் வுடுங்க. போதும், நிறுத்துங்க" என்று நான் கத்துவேன். சார் எடைக்கல்லை இறக்குவார். அடியில் தட்டியதும் கையில் தெரியுமாம். முடிச்சை எண்ணிச் சொல்வார். நான் எழுதுவேன். "ஐயோ பாவம், ஆடாம புடிங்கடி" என்று ஒரு கரை, "ஆபீசருக்குத் தலை சுத்தப் போவுது" என்று மறு கரை. முப்பது இடத்தில் அளந்தோம். ஆழமான இடத்தில் பதினைந்து முடிச்சு.

கரை ஏறியதும் சார் செய்த முதல் காரியம், ஈரக் கயிற்றைத் தரையில் நீட்டி, டேப்பை வைத்துச் சரிபார்த்தது. பதினைந்து முடிச்சு பதினைந்து மீட்டர் இல்லை. நூல் கயிறு நனைந்ததும் சுருங்கி, பதினான்குக்கு வந்திருந்தது. நைலான் நீளும் என்று தெரிந்த மேதைக்கு நூல் சுருங்கும் என்று தெரியவில்லை. வேட்டி துவைக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ரத்தினம் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். "சார், இந்தக் கயிறு கோர்ட்டுல நிக்குமா?"

"நிக்காது" என்றார் சார் உடனே. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பாடுபட்டு, திருடனிடமே ஒப்புக்கொள்ள வேண்டுமா என்று இருந்தது. சார் என்னைத் திட்டவில்லை. "இரும்பு சுருங்காது, இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அலுவலக மூலையில் பழைய நில அளவைச் சங்கிலி ஒன்று காயலான் கடைக்குக் காத்துக்கொண்டிருந்தது. மறுநாள் அதைக் கொண்டுவந்து, மறுபடியும் அதே தெப்பம், அதே லாரி டியூப், அதே முப்பது இடம். அன்று ஞாயிற்றுக்கிழமை, தனம் அதே கயிற்றைப் பிடித்தார். ஆழமான இடத்தில் பதினான்கு மீட்டர். அளவு முடிந்ததும் குவாரி ஷெட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரத்தினத்தைக் கூப்பிட்டு, திருட்டு நிரூபணம் ஆகிவிட்டது, அபராதம் உண்டு, குத்தகை ரத்தாகும் என்று சார் சொன்னார்.

ரத்தினம் கலங்கவில்லை. "தப்புதான் சார். அதிகமா தோண்டினத நெரப்பிக் குடுக்கணும்னு பத்திரத்துல கீது. நாளைக்கே நெரப்பிடறேன். கட்டடம் இடிச்ச மண்ணு மொத நூறு லாரி ரெடியா கீது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேற்றுவரை தண்ணீரைக் காப்பாற்றியவர், குத்தகையைக் காப்பாற்ற இன்று அதை மூடத் தயார். அந்த நிபந்தனை உண்மையாகவே பத்திரத்தில் இருந்தது. நாங்கள் கஷ்டப்பட்டு நிரூபித்த திருட்டுத்தான் அந்தப் பெண்களின் தண்ணீரை மூடப் போகிறது. வெளியே அவர்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். தனம் ஷெட் வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

தேவசகாயம் சார் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். விதியை மீறி அவர் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. அபராதத்தை எழுதினார். அதன் கீழே, 'பள்ளத்தை நிரப்ப வேண்டியதில்லை' என்று எழுதினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கல்லின் கன அளவுக்குப் பக்கத்தில் தண்ணீரின் கன அளவை எழுதி, பொதுமக்கள் உபயோகத்துக்கு உரியது என்று கையெழுத்துப் போட்டார்.

"சார், ரூல் இருக்கே" என்றார் ரத்தினம்.

"ரூலுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க அபராதத்துக்குப் பதில் சொல்லுங்க."

பதில் சொல்லத்தான் வேண்டி வந்தது. எந்த விதியின் கீழ் இந்தத் தாள் என்று மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. அளந்தவன் என்ற முறையில் எனக்கும் ஒன்று வந்தது. சார் பதினோரு பக்கம் விளக்கம் எழுதினார். ஒரு வருடம் அவருக்கு ஊதிய உயர்வு நின்றது. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. நான் அளந்த பள்ளங்களில் ஆழமாக இருந்ததற்காக நான் மகிழ்ந்த பள்ளம் அது ஒன்றுதான்.

அன்று ஷெட்டில் ரத்தினம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தனம் உள்ளே வந்தார்.

"சார், மூட மாட்டாங்கல்ல?"

"மூட மாட்டாங்கம்மா."

"எவ்ளோ நாளு சார் வரும் இந்தத் தண்ணி?"

சார் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். எத்தனை தெரு, வீட்டுக்கு எத்தனை குடம் என்று தனத்திடம் கேட்டு, ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டார். "இவர் திருட்டுத்தனமா எவ்வளவு கல்லை எடுத்தாரோ, கிட்டத்தட்ட அவ்வளவு தண்ணி இருக்கு. நாங்க கொஞ்சம் வீணாக்கிட்டோம், மன்னிச்சிடுங்க. ஊத்தும் வத்திக்கிட்டு வருது. ஆவணி முடியற வரைக்கும் தாங்கும்."

தனம் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். அவர் முகம் வாடிவிட்டது. "மழை ஐப்பசிலதான சார் வரும்."

தனம் ரத்தினத்தின் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்து அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன்யா, திருடுனதுதான் திருடுன. இன்னும் ரெண்டு ஆள் ஆழம் திருடியிருக்கக் கூடாதா?"